கிணற்றை ஆவணியில் வந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில் எங்கள் அம்மம்மாவின் வளவில் இரண்டு கிணறுகள். ஒன்று குடிக்க, மற்றது குளிக்கவும் மாட்டுக்கும். இரண்டுக்கும் நடுவே முப்பது அடிகூட வராது. துலாவால் அள்ளிய காலம் முழுக்கக் குடிக்கிற கிணறு நன்றாகவே இருந்தது. மீளக் குடியேறிய பிறகு வெளிநாட்டுக் காசில் மோட்டார் பூட்டினோம், தாங்கி கட்டினோம், வாழையும் தென்னையும் வைத்தோம். மூன்றாவது கோடையில் தேநீர் உப்புக் கரித்தது. மோட்டாரைக் கழற்றி ஆறு வருடமாகிறது, நல்ல தண்ணீர் இன்னும் திரும்பவில்லை. இப்போது தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாளைப் பார்த்திருக்கிறோம்.

இந்தத் தை மாதம் ஒரு அபிவிருத்தித் திட்டத்துக்காகக் காணி பார்க்கச் சிலர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், வெயிலென்று பாராமல் நடந்து அளந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கருவியில் பார்த்துவிட்டு, "தண்ணி பரவாயில்லை அண்ணை" என்று குறித்துக்கொண்டார்கள். மாரி முடிந்த கையோடு அளந்தால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் அநேகமாகப் பரவாயில்லைதான். எங்களுக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டி முடிந்துவிடும். ஆவணியில் அதே கிணற்றை இறைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் குறித்த அந்த இலக்கம் இனி, எந்தக் காணி எதற்குப் பொருந்தும் என்று காட்டும் வரைபடத்தில் 'பொருத்தம்' என்ற பச்சை நிறமாக உட்கார்ந்துவிடும் என்பதுதான் என் கவலை.

நிலப்பொருத்தம் பார்ப்பது வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1976இல் இதற்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. மிகப் பொருத்தமானது முதல் ஒருபோதும் பொருந்தாதது வரை நிலத்தை வகுக்கும் முறை அது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, 'நல்ல நிலம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பது. எதற்குப் பொருத்தம், அந்தப் பயன்பாடு அங்கே நீண்டகாலம் தாங்குமா என்று கேட்கச் சொல்கிறது. பனை நன்றாக நிற்கிற காணியில் வெங்காயம் வைத்தால் இரண்டு போகத்தில் மண் கெடலாம். இது எங்கள் பெரியவர்களுக்கு எந்தச் சட்டகமும் இல்லாமலே தெரிந்த விடயம்.

இப்போது எல்லாம் கணினியில். மண், உயரம், வீதி, இறங்குதுறைக்கு உள்ள தூரம், நிலத்தடி நீர் என்று அடுக்கடுக்காகப் படங்களை வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிறை (எடை) கொடுத்துப் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். இந்தக் கூட்டலில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு காணிக்கு வீதி கிட்ட, குறிகட்டுவான் துறை கிட்ட, மின்சாரம் கிட்ட என்றால் புள்ளி ஏறிவிடும். தண்ணீரில் குறைந்த புள்ளியை மற்றவை ஈடுகட்டிவிடும். படத்தில் ஈடுகட்டலாம், அந்தக் காணியில் குடியிருக்கிறவன் எதைக் குடிப்பது?

எங்கள் தீவுகளுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் மேலுள்ள மணலிலும் மழைநீர் இறங்கி, கடல்நீருக்கு மேலே வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனமானது. அந்தக் கணக்கின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப்பார்க்கும். மோட்டார் பூட்டிய கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்புபோல மேலெழும். எங்கள் வளவில் நடந்தது இதுதான். அப்புறம், அதே வெடிப்புகளால் மலகூடக் குழியின் கழிவும் கிணற்றுக்கு வரும். ஒரு விடுதிக்கு இருபது அறை என்றால் இருபது அறையின் குளிப்பும் அந்த வில்லையிலிருந்து, கழிவும் அதற்குள்ளேயே.

ஆகவே எங்கள் தீவகத்தில், அதாவது இந்தத் தீவுகளில், தண்ணீர் ஒரு நிறையாக இருக்கக்கூடாது, தடையாக இருக்க வேண்டும். கோடையில் தாங்காத இடத்தை முதலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தில் வீதியையும் துறையையும் கூட்டிப் பாருங்கள். வேலணைத் தீவின் சாட்டியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் மணற்பகுதிபோல உள்ள இடங்களில் எந்தக் கட்டடத்துக்கும் புள்ளி போடவே வேண்டாம்.

தரவைகள் என்கிற தாழ்ந்த புல்வெளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் அவை 'பயன்படாத வெற்று நிலம்' என்று வருகின்றன. மாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அது வெற்று நிலமா என்று. மாரியில் வெள்ளம் அங்கேதான் பரவி நிற்கும், மெல்ல வற்றும், பிறகு புல் எழும்பும். நெடுந்தீவில் குதிரைகள் மேய்வதும் தரவையில்தான். மேடாக்கி மண் கொட்டினால் அந்த வெள்ளம் குடிமனைக்குள் வரும். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தபோது எனக்கும் சந்தோஷம்தான், எங்கள் பிள்ளைகளும் விளையாட வேண்டும். ஆனால் தாழ்ந்த கரையில் கட்டும் எதற்கும் வெள்ளம் எங்கே போகும் என்ற பதிலை முதலில் சனத்துக்குக் காட்ட வேண்டும்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் படத்தில் சும்மா கிடக்கும் காணிதான். காணி உறுதிப் பத்திரம் கனடாவிலும் பிரான்சிலும் நாலு சகோதரங்களிடம் பிரிபடாமல் இருக்கும். அது வேறு பெரிய கதை.

இந்த ஆவணியில் இரண்டு கிழமை ஊரில் நிற்கப்போகிறேன். எங்கள் வட்டாரத்துக் கிணறுகளை ஒவ்வொன்றாக அளந்து, கடைசியாக எப்போது குடித்தார்கள், எந்த வருடம் சவரானது (உப்பானது), மோட்டார் எப்போது பூட்டினார்கள் என்று எழுதிக்கொள்வேன். வேலணை, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, காரைநகர் ஆட்கள் யாராவது உங்கள் கிணற்றின் கதையைக் கீழே எழுதினால், எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கிணறு எந்த ஒழுங்கையில் என்று மட்டும் மறக்காமல் போடுங்கள்.