கிட்டார் கீறலுக்கு நெயில் பாலிஷ் ரிமூவரா? வேண்டவே வேண்டாம்

கிட்டார்ல கீறல் விழுந்தா நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைச்சா போயிடும்னு ஒரு மெசேஜ் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. அதுல பெரும்பாலும் இருக்கறது அசிட்டோன், அது பழைய கிட்டார் பலவற்றுல மரத்து மேல பூசியிருக்கற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்ங்கற பளபளப்புப் பூச்சை அப்படியே கரைச்சுடும், துடைக்கற துணியில அந்தப் பூச்சும் ஒட்டிக்கிட்டு வந்துடும், சின்னக் கீறல் இருந்த இடத்துல பெரிய தழும்புதான் மிஞ்சும். பழைய கிட்டார்னா நினைச்சாலே மனசு பதறுது. இப்ப வர்ற விலை குறைஞ்ச கிட்டார் நிறையவற்றுல பாலியூரித்தேன்ங்கற பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு, அது லேசுல கரையாது, அதுல சில்லு பேர்ந்த பள்ளத்துக்கு சூப்பர் க்ளூவை சொட்டு சொட்டா விட்டு நல்லா காயவெச்சு, 1000, 2000 கிரிட் வாட்டர் பேப்பர்ல (ரொம்ப நைஸான உப்புத்தாள்) மெதுவா தேய்ச்சு பாலிஷ் போடுவாங்க. பூச்சுல மட்டும் கீறல்னா சத்தம் கெடாது, பயப்படாதீங்க. மரமே விரிசல் விட்டிருந்தா ஸ்ட்ரிங்கைத் தளர்த்திட்டு ரிப்பேர் தெரிஞ்சவங்ககிட்ட உடனே காட்டுங்க.