85 சதவீதம் என்றால் உயர்தரமா?

மேலாளருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ சாக்லேட் கொடுப்பதானால் 70ஐ விட 85 சதவீதம் கொக்கோ என்று போட்ட பெட்டிதான் கெத்து, எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

அந்த எண், கொக்கோ கொட்டையிலிருந்து வந்த திடப்பொருளும் கொக்கோ வெண்ணெயும் (அந்தக் கொட்டையின் கொழுப்பு) சேர்ந்த அளவு. டார்க் சாக்லேட்டில் மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். எந்த ஊர்க் கொட்டை, எப்படிப் புளிக்க வைத்தார்கள், எப்படி வறுத்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது; ருசியோ அங்கேதான் இருக்கிறது. கேக் செய்ய வாங்கும் இனிப்பில்லாத சமையல் சாக்லேட்டில்கூட 100 சதவீதம் என்று இருக்கும். அதை யாரும் ரிப்பன் கட்டிக் கொடுப்பதில்லையே!

கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். பெட்டியைத் திருப்பி ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள்: 70 என்றால் 100 கிராமில் சர்க்கரை ஏறக்குறைய 30 கிராம், 85 என்றால் ஏறக்குறைய 15. அடுத்து, 70 போட்ட வேறு வேறு கம்பெனிகளின் சாக்லேட்டுகளை எடுத்துக் கொழுப்பு வரியை ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் கொக்கோ வெண்ணெயின் பங்கு மாறக்கூடும் என்பது அங்கே தெரியும்.