கைராசி என்று சொல்லாதீர்கள்

எங்கள் டாக்டர் போன மாதம் காலமானார். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் போடும் பதிவுகளில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது: கைராசி. கைராசிக்காரர், தொட்டாலே சரியாகிவிடும், முகத்தைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும். எல்லாம் அன்பில் சொல்வதுதான். அந்த அன்பு எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த வார்த்தையைப் படிக்கப் படிக்க எரிச்சல் வருகிறது. ஒரு மனிதர் 40 வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்த வேலையை ராசிக் கணக்கில் எழுதிவிட்டால், அப்புறம் அவர் செய்தது என்று என்ன மிஞ்சும்?

அவருக்கே அந்த வார்த்தை பிடிக்காது. ஒரு தடவை என் அம்மா அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். "ராசி இருந்தா நான் எதுக்கும்மா உக்காந்து இவ்வளவு எழுதுறேன்?" என்று கையிலிருந்த கார்டைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கார்டுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஒரு உறை, உறைக்குள் ஆளுக்கொரு கார்டு. காய்ச்சல், எடை, கொடுத்த மருந்து இவை மட்டும் அதில் இருக்காது. அப்பா இரவு வேலைக்கு மாறியது, பாட்டி இறந்த மாதம், தம்பி பள்ளி மாறியது என்று எல்லாமே ஒவ்வொரு வரியாக ஏறியிருக்கும். சின்ன வயதில் எனக்கு அது வம்பு கேட்பது போலத் தெரிந்தது.

12 வயதில் எனக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீர்ப் பரிசோதனை செய்தார், எடை போட்டார். ராத்திரி வலியில் எழுந்துகொள்கிறேனா என்று கேட்டார். எடை குறையவில்லை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியும் இல்லை. அப்புறம் என் கார்டைப் புரட்டி, நான் வந்த தேதிகளைப் பக்கத்திலிருந்த காலண்டரோடு ஒப்பிட்டார். நாலும் திங்கட்கிழமை. "கிளாஸ்ல உன் பக்கத்துல யார் உக்கார்றா?" என்றார். அழுதுவிட்டேன். அன்று மருந்துச் சீட்டு எழுதவில்லை. அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இதில் ராசி எங்கே இருக்கிறது? காலண்டர் இருந்தது, கார்டு இருந்தது, முதலில் ஆபத்தான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அப்புறம்தான் மற்றதைக் கேட்க வேண்டும் என்ற படிப்பு இருந்தது.

இப்படிக் குறிப்பெழுதிய வேறொரு டாக்டரைப் பற்றி வெகு காலம் கழித்துப் படித்தேன். இங்கிலாந்தில் ஐஸ்கார்த் என்ற ஊரில் இருந்த வில்லியம் பிக்கிள்ஸ். கிராமத்துப் பொது மருத்துவர், ஆராய்ச்சிக்கூடம் எதுவும் கிடையாது. 1929இல் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த இடத்தில் சுமார் 250 பேருக்கு வந்தது. ஒரு நாள் காலையில் படுக்கையில் பார்த்துவிட்டு வந்த பெண்ணை அன்றைக்கே ஊர் விழாவில் கண்டு திகைத்துப்போயிருக்கிறார். பிற்பாடு அந்த விழாவுக்கு வந்தவர்களில் சிலர் படுத்தபோது, நாட்களை எண்ணிப் பார்க்க அவருக்கு ஒரு தொடக்கம் கிடைத்தது. தொற்றியதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே ஏறக்குறைய நாலு வாரம் இருக்கிறது என்று இப்படித்தான் கண்டுகொண்டார். 1939இல் அதையெல்லாம் புத்தகமாகவும் போட்டார். யார் யாரோடு பேசினார்கள், யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒருவரால்தான் இது முடியும். பெருநகர மருத்துவமனையில் எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தாலும் அந்தப் பெண் மாலையில் எங்கே போனாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் டாக்டர் கேட்டதும் வம்பில்லை என்று எனக்கு உறைத்தது அந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான்.

பதிவுகளில் இன்னொன்றும் வருகிறது: காசே வாங்காத தெய்வம் என்று. வாங்கினார் ஐயா, எல்லோரையும் போல வாங்கினார். முடியாதவர்களிடம் கேட்கமாட்டார், அவ்வளவுதான். அவரைத் தெய்வமாக்கிவிட்டால் அடுத்து வரும் டாக்டர் யாராலும் அந்த இடத்துக்கு வர முடியாது. அதில் யாருக்கு லாபம்?

அவரிடம் மருந்தைவிட அதிகமாகக் கிடைத்தது பொறுமைதான். சளி பிடித்துப் போய் ஊசி கேட்டால் கோபம் வந்துவிடும். "இருமல் மூணு வாரம் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். மூச்சு வாங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வந்தாலோ அன்னைக்கே வா" என்பார். ஏதோ கையைக் கழுவுகிறார் என்று நாங்கள் வெளியே வந்து முணுமுணுத்ததும் உண்டு. சாதாரணச் சளியோடு வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது, மக்களோ ஒரு வாரத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பத்து நாள் இடைவெளியில்தான் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் எல்லாம் நுழைகிறது. ஒன்றும் கொடுக்காமல் நோயாளியை அனுப்புவதற்கு, நாளைக்கும் இவன் நம்மிடம்தான் வருவான் என்ற நம்பிக்கை டாக்டருக்கு வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் போனால் அவரும் பாவம், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிடுவார்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்ததும் அப்படித்தான். அவர் தனக்காகப் போகவில்லை, எனக்குத் துணையாக வந்தவர். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், கையை நீட்டுங்கள் என்று பி.பி. பட்டையைச் சுற்றினார் டாக்டர். ஒரு அளவை வைத்து முடிவு கட்டவில்லை. மூன்று வேறு வேறு நாளில் வரச்சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை ஆரம்பித்தார். பெரும்பாலும் உடம்பில் ஒரு அறிகுறியும் காட்டாத வியாதி அது, வலித்தால்தானே ஆள் கிளினிக்குக்கு வருவான்? வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், வந்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது என்று தன் ஊர்க்காரர்களின் ரத்த அழுத்தத்தைத் தேடித் தேடி அளந்தார். நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவர்தான். எங்கள் டாக்டருக்கு அவரைத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. துணைக்கு வந்தவர்களின் கையைப் பிடித்துப் பட்டை சுற்றும் பழக்கம் மட்டும் கடைசிவரை இருந்தது.

அவர் தவறே செய்ததில்லையா? செய்தார், எங்கள் வீட்டிலேயே. அத்தை சோர்வாக இருக்கிறது, உடம்பு கனக்கிறது, குளிர் தாங்கவில்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை எதற்குமே புலம்புகிறவர் என்பது ஊரறிந்த விஷயம். டாக்டருக்கும் தெரியும், அதுதான் வினையாகப் போய்விட்டது. வயசாகுதும்மா என்று அனுப்பிக்கொண்டேயிருந்தார். அத்தை வெளியூர் போனபோது, அவரை அறியவே அறியாத ஒரு இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு. ஒரு மாத்திரையில் ஆள் பழையபடி ஆனார். நம் டாக்டர் வீட்டுக்கே வந்து, "உங்களை எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சுட்டேன். அதனாலதான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். ரொம்பத் தெரிந்தவரின் கண்ணுக்குத்தான் சில விஷயம் படாமல் போகும். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

இருந்தாலும் மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் ஒரு பதில் உண்டு. நார்வேயில் ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரே பொது மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்களையும், ஒரு வருடமே ஆனவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட நாள் இருந்தவர்களிடம் அவசர மருத்துவமனைச் சேர்க்கைக்கான வாய்ப்பு 28 சதவீதமும், இறப்புக்கான வாய்ப்பு 25 சதவீதமும் குறைவு. இதுமட்டுமே காரணம் என்று ஆய்வு நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய வருடங்கள் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போனது. ஒரு மாத்திரையால் இப்படி வந்திருந்தால் அதைப் பற்றி உலகமே பேசியிருக்கும்.

எங்கள் டாக்டர் மாதிரி இனி யார் வருவார்கள் என்று புலம்புகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் நீங்கள் எத்தனை டாக்டரிடம் போனீர்கள்? நான் ஏழு பேரிடம் போனேன். தோள் வலிக்கு ஒருவர், வயிறு எரிச்சலுக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு இரண்டு பேர். எல்லோரும் திறமைசாலிகள்தான். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன், ஒவ்வொருவரும் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். நான் சாதாரணமாக எப்படி இருப்பேன் என்று தெரிந்தவர் அவர்களில் யாருமில்லை. எங்கள் டாக்டர் அப்போதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான்தான் போகவில்லை.

அவருடைய மகள் போன வாரம் சொல்லியனுப்பியிருந்தார்: கார்டுகளை வைத்துக்கொள்ள இடமில்லை, அவரவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. போனேன். எங்கள் வீட்டு உறை மட்டுமே ஒரு நோட்டுப் புத்தகக் கனம் இருந்தது. கடைசியாக நான் அவரிடம் போனது காது வலிக்கு. அந்தத் தேதிக்கு நேராகக் காதுக்குக் கொடுத்த மருந்து, அதற்குக் கீழே பென்சிலில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "இளைத்திருக்கிறான். அவசரத்தில் இருந்தான். அடுத்த முறை தூக்கம் பற்றிக் கேட்க வேண்டும்."