இளைத்துப்போகும் ஓய்வூதியம்

அரசாங்க ஓய்வூதியம் என்றால் மாதாமாதம் ஒரே தொகை என்று நம்பித்தான் வெளிநாட்டில் குடியேறினேன். தொகை என்னவோ அதேதான். இங்கே கைக்கு வரும்போதுதான் இளைத்துப்போகிறது. பல் துலக்கும் முன்பே போனில் நாணய மாற்று விகிதம் பார்க்கிறேன். சந்தை விகிதம் ஒன்று, வங்கி கொடுப்பது இன்னொன்று. ‘கட்டணம் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு விகிதத்திலேயே உருவிக்கொள்கிறார்கள். நடுவில் பணத்தைக் கைமாற்றிவிடும் வங்கி வேறு தன் பங்குக்குக் கிள்ளுகிறது.

சரி, ஏறட்டும் என்று போன மாதம் பத்து நாள் காத்திருந்தேன். இறங்கியது. பொறுமையிழந்து மாற்றினேன், மறுநாளே ஏறியது! வாடகை கேட்டு நிற்கும் வீட்டு ஓனரிடம் விகிதக் கதையா சொல்ல முடியும்? அப்புறம் ஓய்வூதிய உயர்வு என்றார்கள். அது அங்குள்ள விலைவாசிக்கு. நான் காய்கறி வாங்குவது இங்கே.