சூடு அல்ல, நிலவறைக் குளிர்ச்சி

இங்கிலாந்துக் கிராமத்து பப்பில், அதாவது ஊர் மதுக்கடையில், குடித்த ஏல் என்ற பியர் வகை சூடாகவும் சப்பென்றும் இருந்ததாக, நான் படித்த ஒரு பயணக் கட்டுரையை எழுதியவர் குறைப்பட்டிருக்கிறார். சூடு என்பது அநியாயம்! பீப்பாய் ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் வைக்கிறார்கள். பனிக்கட்டிபோல் சில்லிட்ட லாகர் வகை பியருக்குப் பழகிய நாக்குக்கு அது சூடாகத்தான் தெரியும். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. அங்கேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றாமல் கைப்பம்பை இழுத்து ஊற்றுவதால் குமிழி குறைவு. இந்த முறை அழிந்துவிடக் கூடாதென்றே 1971இல் 'கேம்ரா' என்ற இயக்கம் தொடங்கினார்கள்.

அந்தக் கட்டுரையாளர் பரிமாறுபவருக்காக மேசையில் அரை மணி நேரம் காத்திருந்தாராம். பாவம். பெரும்பாலான பப்களில் நாம்தான் கவுண்டருக்கு எழுந்துபோய், வேண்டியதைச் சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரில் முதல்முறை நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். விஷயம் புரிந்து எழுந்தபோது மணி இரண்டரை, சமையலறையை மூடிவிட்டார்கள். வினிகர் மணக்கும் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல்தான் அன்றைய மதிய உணவு.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே போய் நின்றேன். சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கூடவே யார்க்‌ஷயர் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பென்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். முட்டை, மாவு, பால் கலந்து சுட்டது, கிண்ணம்போல் உப்பி நிற்கும். அந்தக் குழியில் கிரேவியை ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

பப்பில் பியரை பைன்ட் கணக்கில் ஊற்றுவார்கள்; ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. தயக்கமாக இருந்தால் அரை பைன்ட் கேளுங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள்.