பங்கு பிரித்துக்கொள்வதற்குப் பெயர் குழுப்பணி இல்லை

பொறியியல் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பேட்ச் என்றால் நாலு பேர். ஒருவர் கோடிங், ஒருவர் பிபிடி, ஒருவர் ரிப்போர்ட், நாலாமவர் பிரின்ட் எடுத்து பைண்டிங் போட்டு வருவார். முதல் பரிசீலனையான ஜீரோத் ரிவ்யூவிலிருந்து கடைசி வாய்மொழித் தேர்வான வைவா வரை இந்த நாலு பேரும் ஒரு விஷயத்தைக்கூட உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமல் டிகிரி வாங்கிவிடலாம். பிறகு படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்.பி.ஏ. அமைப்புக்கான கோப்பில் 'தனிநபர் மற்றும் குழுப்பணி' என்ற வரிக்கு நேரே ஒரு டிக். முடிந்தது.

பிரித்துக் கொடுக்க முடிகிற வேலை, பேசக் கற்றுத்தராது. பேசாமல் முடிக்கவே முடியாத வேலையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கும் மார்க் வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத குழுப்பணி வெறும் திருத்தும் சுமைக் குறைப்புதான். அறுபது ரிப்போர்ட்டுக்குப் பதில் பதினைந்து.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். நாலு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் இணைப்புகள் 6. ஐந்து பேருக்கு 10. எட்டுப் பேருக்கு 28. லேபில் கிட் (சோதனைக் கருவி) பற்றாக்குறை என்று எட்டுப் பேரை ஒரே மேசையில் போட்டால், இரண்டு பேர் செய்வதை ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பிரான்ஸ் வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த பலம், அவர்கள் தனித்தனியாகத் தரக்கூடியதன் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பாதிதான். சோம்பல் மட்டும் காரணமில்லை. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. 1974இல் இன்னொரு சோதனையில், கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இருப்பதாக நம்பவைத்து ஒருவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. ஆக, ஒத்திசையாததால் வரும் இழப்பு ஒன்று, 'மற்றவன் இழுப்பான்' என்பதால் வரும் இழப்பு இன்னொன்று. ஆசிரியர்கள் இரண்டாவதைத் திட்டுகிறார்கள். முதலாவதைச் சரிசெய்யக் கற்றுத்தர வேண்டியது அவர்கள் வேலை என்பது யாருக்கும் நினைவில்லை.

நாலு அல்லது ஐந்து பேர் போதும். நண்பர்களையே சேரவிட்டால் சண்டை வராது, ஆனால் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். ரோல் நம்பர்படி போட்டால் வேறு சிக்கல். சாயங்காலம் கல்லூரி பஸ் கிளம்பினால் டே ஸ்காலர்கள் போய்விடுவார்கள். பாய்ஸ் ஹாஸ்டலில் இரவு ஒன்பதுக்குக் கூடுகிற கூட்டத்துக்குப் பெண்களால் வர முடியாது. அதனால் பேட்ச் போடும் முன் ஒவ்வொருவரும் வாரத்தில் எந்தெந்த மணி நேரம் கல்லூரியில் காலியாக இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டு பொது மணி நேரமாவது கிடைக்காதவர்களை ஒரே பேட்ச்சில் போடாதீர்கள். மார்க் அதிகம் வாங்குபவர், குறைவாக வாங்குபவர் என்று கலந்து போடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி, பேசியே தீர வேண்டிய வேலைக்கு ஓர் உதாரணம். துறை சிம்போசியத்துக்கு இரண்டு அரங்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாலு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை. முதல் அரங்கின் 3 நல்ல அம்சங்கள் நாலு அட்டையிலும் இருக்கும். அதன் 4 குறைகள் அட்டைக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். இரண்டாவது அரங்கின் 2 குறைகள் எல்லா அட்டையிலும்; அதன் 4 நல்ல அம்சங்கள் அட்டைக்கு ஒன்று. தனியாகப் படிக்கும் யாருக்கும் முதல் அரங்கு 3 நல்லது, 1 குறை. இரண்டாவது 1 நல்லது, 2 குறை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டினால் முதல் அரங்கு 3-க்கு 4, இரண்டாவது 4-க்கு 2. அட்டையைக் காட்டக் கூடாது, வாயால் சொல்லலாம். பேசும் முன் ஒவ்வொருவரின் தேர்வையும் எழுதி வாங்கிக்கொண்டு, பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் முதல் அரங்கைத்தான் பிடித்துக்கொண்டு வரும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்ததையே எல்லாரும் சொல்லித் தலையாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் ஒரு முறை எட்டிப்பார்த்து அமுங்கிப்போகும். கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் இருவரும் 1985இல் காட்டியது இதைத்தான். மருந்து எளிது. 'எனக்குப் பிடித்தது எது' என்று தொடங்கக் கூடாது. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தன் அட்டையை முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டும், கருத்து பிறகு. இதே பயிற்சியை அடுத்த வாரம் வேறு தலைப்பில் வைத்தால் வித்தியாசம் அவர்களுக்கே தெரியும்.

பேட்ச்சின் வாராந்தரக் கூட்டத்துக்கு 25 நிமிடம் போதும், நாலு பொறுப்புகள்: நடத்துபவர், குறிப்பெடுப்பவர், நேரம் பார்ப்பவர், எதிர்க்கேள்வி கேட்பவர். வாராவாரம் மாற வேண்டும், கட்டாயமாக. மாறாவிட்டால் 'கையெழுத்து நல்லா இருக்கு' என்று ஒரு பெண்ணே பதினைந்து வாரமும் குறிப்பெடுப்பார், டாப்பரே நடத்துவார். எதிர்க்கேள்விப் பொறுப்பை விளையாட்டாக நினைக்காதீர்கள். சாலமன் ஆஷ் 1950களில் செய்த கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனைகளில், மற்ற எல்லாரும் தப்பாகச் சொல்லும்போது அவர்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும், கூட்டத்தோடு கோவிந்தா போடுவது வெகுவாகக் குறைந்தது. மறுப்பது ஒருவரின் பொறுப்பு என்று ஆகிவிட்டால், மறுப்பவர் மேல் கோபமும் வராது. குறிப்பு என்பது மூன்றே வரி: என்ன முடிவு, யார் செய்வது எந்த நாளுக்குள், எது இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

செமஸ்டரில் இரண்டு முறையாவது ஒரு பேட்ச்சை நடுவில் உட்காரவைத்து, இன்னொரு பேட்ச்சைச் சுற்றி உட்காரவையுங்கள். நடுவில் இருப்பவர்கள் பத்து நிமிடம் பேசட்டும். வெளியே இருப்பவர்கள் வட்டமாகப் பெயர்களை எழுதி, யார் யாரைப் பார்த்துப் பேசினாலும் ஓர் அம்புக்குறி போடட்டும். இரண்டு பெயர்களுக்கு நடுவே கோடுகள் கருத்துப்போயிருக்கும். ஒரு பெயர் அம்பே இல்லாமல் ஓரத்தில் கிடக்கும். 'நீ ரொம்பப் பேசுறே' என்று சொன்னால் சண்டை வரும். தாளைக் காட்டினால் வராது.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீல டிக் சம்மதம் ஆகாது. கட்டைவிரல் எமோஜி 'பார்த்தேன்' என்பதா, 'செய்கிறேன்' என்பதா என்று போட்டவருக்கே தெரியாது. விவாதம் நேரில், முடிவு மட்டும் குரூப்பில் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்யப்பட வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் தனி குரூப் தொடங்கிய நாளில் அந்த பேட்ச் உடைந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே தெரிய ஒரு மாதம் ஆகும்.

அப்புறம் இந்த 'ஸ்பீக் இன் இங்கிலீஷ் ஒன்லி' போர்டு. குழு விவாதத்தின்போதாவது அதைக் கழற்றி வையுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளையிடம் டிசைனில் தப்பு எங்கே என்று சொல்லும் அறிவு இருக்கும். வாக்கியம் அமைப்பதற்குள் பேச்சு தாண்டிப்போயிருக்கும். தமிழில் அடித்துக்கொள்ளட்டும், ரிவ்யூவில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிளேஸ்மென்ட்டின் ஜிடி (குரூப் டிஸ்கஷன்) ரவுண்டுக்குத் தயார்செய்வதையே குழுத் தொடர்பாடல் என்று சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் நடத்துவதும் சரியில்லை. ஜிடி ஒரு போட்டி. அங்கே அடுத்தவர் சொன்னது வெற்றிபெற வேண்டும் என்று யாருக்கும் அக்கறை இல்லை.

மார்க்குக்கு வருவோம். சக மாணவர் மதிப்பீடு வைத்தால் நட்புக்காக எல்லாரும் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போடுவார்கள். அதனால் ரகசியமாக வாங்குங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சம்பவத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்தாவது வாரத்தில் ஒரு முறை, மார்க்கில் சேராமல், திருந்துவதற்காக. கடைசியில் ஒரு முறை, மார்க்குக்கு. கணக்கு இப்படி: பேட்ச்சுக்கு 50-க்கு 40. ஒருவருக்கு மற்றவர்கள் போட்ட சராசரி 18, பேட்ச்சின் மொத்தச் சராசரி 20 என்றால் விகிதம் 0.9, அவருக்கு 36. ஆனால் மூன்று பேர் கூட்டுச்சேர்ந்து ஒருவரைக் கீழே தள்ளவும் இதில் வழி இருக்கிறது. மூன்று வரிக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை செய்யாதவர் மேல் புகார் வந்தால், முதலில் அந்த பேட்ச் அவரிடமே கேட்டதா என்று பாருங்கள். ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், கோடிங் புரியாமல் வெட்கப்பட்டு ஒதுங்குகிறவராக இருக்கலாம். மூன்றாவது வாரத்திலேயே கேட்டிருந்தால் வேலையை மாற்றிக் கொடுத்திருக்கலாம். வைவாவுக்கு முந்தின நாள் வந்து 'சார், இவன் ஒண்ணுமே பண்ணல' என்று சொன்னால், மற்ற மூன்று பேரிடமும் முதல் கேள்வி, 'நீங்க எப்போ அவன்கிட்ட பேசினீங்க, தேதி சொல்லுங்க' என்பதாக இருக்கட்டும்.