பசங்க மட்டும் விட்டால் போதுமா?
கெட்ட வார்த்தை பேசுவதை இளைஞர்கள் தாங்களாகவே விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல விஷயம்தான், ஆனால் எங்க குமரி மாவட்டக் கடற்கரைப் பக்கம் ஒரு சாயங்காலம் கால்பந்து பார்க்க வாங்க, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று கத்துகிற பெரியவர்களிடமிருந்துதான் உள்ளே ஆடுகிற பையன் எல்லாம் படிக்கிறான். அதிலும் கோலை விட்டவன் இவன், திட்டு மட்டும் அவன் அம்மாவுக்கு! பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் மூன்று மாதம் வரை சிறை என்று சட்டமே இருக்கிறது (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294பி, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 296). யார் பயந்தார்கள்? அமெரிக்காவில் 2007-ல் ஒரு பள்ளிப் பையன் கெட்ட வார்த்தையை விடுவதற்காகவே கிளப் தொடங்க, அவனுக்கே வசவு மெயில் குவிந்தது. இங்கேயும் தனியாக விடுகிறவனை ‘சாமியார்’ என்று ஓட்டுவார்கள் மக்களே, அதனால் டீமோடு சேர்ந்து விடுங்க, கோச் முதலில்.